லிங்க் அனுப்புகிறவர் வீட்டுத் திதி

லிங்க் அனுப்புகிறவர் என்று ஓர் இனம் நம்மிடையே பெருகி வருகிறது. நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவரிடம் மணி என்ன என்று கேட்டால் மணியைச் சொல்ல மாட்டார். உலகத்து நகரங்களின் நேரத்தையெல்லாம் நொடி பிசகாமல் காட்டும் இலவச இணையதளம் ஒன்றின் முகவரியை உங்கள் கைப்பேசிக்கு அனுப்பிவிட்டு, பெரிய உதவி செய்த நிறைவோடு கையைக் கட்டிக்கொள்வார். அந்தக் கையில் கடிகாரம் இருக்கும்.

ஆள் கெட்டவர் இல்லை. கடன் கேட்க மாட்டார், புறம் பேச மாட்டார். உங்களுக்கு இருமல் என்றால் ஒரு மருத்துவத் தளம், மகனுக்குத் தேர்வு என்றால் பழைய வினாத்தாள் தளம், வீட்டில் எறும்பு என்றால் எறும்பு வகைகளைப் படத்தோடு விளக்கும் ஏதோ ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் தளம் என்று வந்துகொண்டே இருக்கும். கூடவே மூன்று வாக்கியங்களும் வரும். "எல்லாம் ஃப்ரீதான்." "ரொம்ப நம்பகமான தளம்." "ஓய்வா இருக்கும்போது பாருங்க." எறும்பு கடித்துக்கொண்டிருப்பவனுக்கு ஏது ஓய்வு? இரண்டு நாள் கழித்து நான்காவது வாக்கியம் வரும். "பாத்தீங்களா?" நீங்கள் "பாத்தேன் சார், ரொம்ப யூஸ்ஃபுல்" என்பீர்கள். நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அவரும் பார்த்ததில்லை.

இவ்வளவு விவரம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? தினமும் காலையில் சவரம் செய்யும்போது அவரைக் கண்ணாடியில் பார்க்கிறேன்.

இந்த வியாதி எனக்குத் தொழிலில் தொற்றியது. கோலாலம்பூரை ஒட்டிய சுபாங் ஜெயாவில் ஒரு கல்லூரி நூலகத்தில் இருபத்தெட்டு ஆண்டுகள் தகவல் மேசையில் உட்கார்ந்திருந்தேன். அந்த மேசைக்கு ஒரு விதி உண்டு. பதிலைச் சொல்லாதே, பதில் இருக்கும் இடத்தைக் காட்டு. மாணவர்களுக்கு அது நல்ல விதிதான். மேசையை விட்டு எழுந்து வீட்டுக்குப் போகும்போது விதியை அங்கேயே வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

ஓய்வு பெற்றதும் பிரிக்பீல்ட்ஸில், ஒரு ஜவுளிக்கடைக்கு மேல்மாடியில் இருக்கும் சின்ன வாசகசாலைக்கு வாரம் இரண்டு நாள் தொண்டு செய்யப் போனேன். சேர்ந்த மாதத்திலேயே தயாரித்தேன் என் வாழ்நாள் சாதனையை. 'வாசகர்களுக்குப் பயனுள்ள இலவச இணையதளங்கள்' என்று தலைப்பிட்ட ஒரே தாள். அகராதிகள், கலைக்களஞ்சியங்கள், பழைய நாளிதழ்கள், நிலப்படங்கள், சட்டங்கள், மருந்துகள், பறவைகளின் குரல்கள் என்று மொத்தம் அறுபத்து நான்கு. ஒரே தாளில் அடங்க வேண்டுமென்று எழுத்தைச் சிறிதாக்கி, கிழியாமலிருக்க பிளாஸ்டிக் உறை போட்டுச் சுவரில் ஒட்டினேன். விளக்கு வெளிச்சம் உறையில் பட்டுப் பளபளத்ததில் நாற்பதுக்குப் பிறகு ஒன்றும் படிக்க முடியாது. பறவைகளின் குரல் நாற்பத்தொன்று.

கீழ்க்கடை முதலாளி அப்துல் ரஹ்மான் தினமும் நாளிதழ் பார்க்க மேலே வருவார். ஒரு நாள் அந்தத் தாள் முன்னால் நின்று கண்ணைச் சுருக்கினார்.

"வாசு சார், இதுல பாத்ரூம் சாவி எத்தனாம் நம்பர்?"

"சாவி இங்க மேசையில இருக்கு பாய்."

"அதைக் கைல குடுத்துட்டீங்களே. லிங்க் இல்லையா லா?"

அங்கே இருந்த எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இலவசக் கழிப்பறைகளைக் காட்டும் தளம் ஒன்று இருக்கிறது என்பது அப்போது என் நினைவுக்கு வந்ததை உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

என் மனைவி தாமரைக்கு இந்த விதி நன்றாகப் பழகியிருந்தது. சமையலறையிலிருந்து, "வெந்தயத்தை ஊற வச்சுச் சாப்பிடணுமா, வறுத்தா?" என்று கேட்பாள். நான் கூடத்திலிருந்து அனுப்புவேன். பன்னிரண்டு அடி தூரம். அவள் கைப்பேசி சமையல் மேடையில் டிங் என்னும். நன்றி என்று ஒரு கட்டைவிரல் படம் எனக்குத் திரும்பி வரும். பிறகு கிள்ளானில் இருக்கும் தன் அக்கா பூமணிக்கு ஃபோன் போட்டு, வெந்தயத்தில் ஆரம்பித்து ஒரு மணி நேரம் பேசுவாள். நான் அதை எனது சேவையின் தொடர்ச்சி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வருடம் ஆனி மாதம், ஜூலை நான்காம் தேதி, மதியம் ஒன்று பத்துக்குத் தாமரை இறந்துபோனாள்.

முதலாம் ஆண்டுத் திதி நெருங்கியபோது பூமணி அக்கா குடும்பக் குழுவில் கேட்டார். "தம்பி, தாமரை திதி என்னைக்கு வருது?" சுபாங் ஜெயாவிலிருந்து என் மகள் இந்துஜாவும் கேட்டாள். "அப்பா, நான் எப்ப லீவு போடணும்?"

இரண்டு எளிய கேள்விகள். பதில் என்னிடம் தயாராக இருந்தது. இறந்த நாளையும் நேரத்தையும் கொடுத்துத் தேடிப் பார்த்து, தேய்பிறை பஞ்சமி, இந்த வருடம் திங்கட்கிழமை வருகிறது என்று முடிவு செய்து, ஐயருக்கும் சொல்லி வைத்துவிட்டேன். 'திங்கட்கிழமை, காலை ஒன்பது மணி, வந்துவிடுங்கள்' என்று எழுத எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் தகவல் மேசைக்காரன் பதிலைச் சொல்வானா? மூன்று இணையதள முகவரிகளை அனுப்பினேன். கீழே, 'மூன்றுமே இலவசம். ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளவும்' என்று ஒரு குறிப்பும் சேர்த்தேன். இரண்டு கட்டைவிரல்கள் வந்தன.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை காலை வாசகசாலையில் எனக்கு ஒரு சொற்பொழிவு இருந்தது. தலைப்பு, 'நம்பகமான தகவலை நாமே தேடுவது எப்படி?' ஏழு பேர் வந்திருந்தார்கள். அதில் இருவர் குளிர்சாதனத்துக்காக. அப்துல் ரஹ்மான் முதல் வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கைப்பேசியை மௌனமாக்கி வைக்கும்படி எல்லோரையும் கேட்டுக்கொண்டு, முன்மாதிரியாக என்னுடையதையும் மௌனமாக்கினேன். ஒன்றரை மணி நேரம் பேசினேன். வெளியே வந்து பார்த்தால் பூமணி அக்காவிடமிருந்து பதினொரு அழைப்புகள்.

வீட்டுக்கு ஓடினேன். அடுக்குமாடியின் கீழ்வாசலில் காவலாளி ஒரு பெரிய அடுக்குச் சாப்பாட்டுக் கேரியரை என்னிடம் கொடுத்தார். அக்காவும் அவர் கணவர் வேலாயுதமும் ஒன்பது மணிக்கே வந்து, வீட்டில் யாரும் இல்லாததால் மேலே விடப்படாமல், காவலாளியின் பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கேரியரில் கத்திரிக்காய்க் குழம்பு, வாழைக்காய், பருப்பு, பாயாசம். எல்லாம் தாமரைக்குப் பிடித்தவை.

ஃபோன் செய்தேன்.

"அக்கா, திதி நாளைக்குத்தானே. லிங்க்ல பாக்கலையா?"



"நாங்க கோயிலுக்குப் போய் மோட்ச தீபம் ஏத்திட்டுக் கிளம்பிட்டோம் தம்பி. சாப்பாட்டை மட்டும் சூடு பண்ணிச் சாப்பிடுங்க."

வைத்துவிட்டார். அக்காவுக்குச் சரியாகப் புரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்து நான்காவதாக ஒரு லிங்க் அனுப்பினேன். ஆமாம். அனுப்பினேன். இந்த முறை கட்டைவிரல் வரவில்லை.

திங்கட்கிழமை ஐயர் சிவநேசன் வந்தார். இளைஞர், நிதானமானவர். உட்கார்ந்ததும் கேட்டார்.

"அம்மா எத்தனை மணிக்குத் தவறினாங்க சார்?"

"மதியம் ஒன்று பத்து."

பையிலிருந்து போன வருடப் பஞ்சாங்கத்தை எடுத்துப் புரட்டினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நம்ம நேரத்துக்குச் சதுர்த்தி அன்னைக்கு ஒன்றரை வரைக்கும் இருக்கு சார். அப்ப திதி சதுர்த்தி. நேத்தோட போச்சே."

நான் கைப்பேசியை நீட்டினேன். ஒரு நூலகன் ஆதாரத்தோடுதான் தோற்பான். அவர் திரையை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, மூலையில் விரலை வைத்தார்.

"இதுல ஊர் சென்னைன்னு இருக்கே சார்."

சென்னையில் நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்தங்கிய கடிகாரம். அங்கே பதினொரு மணிக்கே திதி மாறிவிட்டது. நான் கோலாலம்பூரின் ஒன்று பத்தைச் சென்னையின் ஒன்று பத்தாகக் கொடுத்து, என் மனைவியை வேறொரு திதியில் சாகடித்திருக்கிறேன். எந்தத் தளத்திலும் முதலில் ஊரைச் சரிபாருங்கள் என்பது ஞாயிற்றுக்கிழமைச் சொற்பொழிவில் எனது மூன்றாவது அறிவுரை. அப்துல் ரஹ்மான் அதை எழுதிக்கூட வைத்துக்கொண்டார்.

"வந்தது வந்தாச்சு, செஞ்சிடலாம் சார்," என்றார் சிவநேசன். பிறகு வாசலைப் பார்த்தார். "மத்தவங்க வரட்டும்னா கொஞ்சம் இருக்கலாம். எனக்கு அவசரமில்ல."

"யாரும் வரலை."

"வேலை நாள் இல்லையா," என்று அவரே எனக்கு ஒரு காரணம் கண்டுபிடித்துக் கொடுத்தார். நல்ல பிள்ளை. யாருக்கும் நான் நாளே சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எட்டுப் பேருக்கு இலை வாங்கி வைத்திருந்தேன். இரண்டு இலையில் சாப்பிட்டோம்.

பத்து நாள் கழித்து ஜூலை நான்கு, வியாழக்கிழமை, இந்துஜா மாலையோடு வந்து நின்றாள். நான் அனுப்பிய மூன்றாவது தளத்துக்குத் திதியெல்லாம் தெரியாது. ஆங்கிலத் தேதியை மட்டும் எண்ணிச் சொல்லும். அவள் அதைப் பார்த்து அன்றைக்கு லீவு போட்டிருந்தாள்.

"அப்பா, பெரியம்மா இன்னும் வரலையா?"

சொன்னேன். ஞாயிறு, திங்கள், எல்லாவற்றையும். அவள் மாலையைக் கையில் வைத்துக்கொண்டே சோபாவில் உட்கார்ந்தாள். சிரிக்கப் போகிறாளா அழப் போகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை.

"அம்மாவுக்கு மூணு நாள் திதி. ஒரு நாளும் நாம எல்லாரும் சேர்ந்து இல்ல. கங்கிராட்ஸ்பா." பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பெரியம்மாகிட்ட பேசுனீங்களா?" என்றாள்.

"மெசேஜ் போட்டேன்."

"மெசேஜா, லிங்க்கா?"



மூன்று வாரம் பூமணி அக்காவிடமிருந்து ஒரு சொல் வரவில்லை. கழுவிய கேரியர் என் சமையல் மேடையில் இருந்தது. வாசகசாலையில் அப்துல் ரஹ்மானிடம் மெல்ல விஷயத்தைச் சொன்னேன். அவர் நாளிதழைத் தாழ்த்தி, "சார், பக்கத்து சென்ட்ரல் ஸ்டேஷன்ல கிள்ளான் ரயில் நிக்குது. அதுல ஏறணும்னா என்ன டைப் பண்ணணும்?" என்றார்.

ஏறினேன். கிள்ளானில் வேலாயுதம் அண்ணன் கேட்டைத் திறந்து, "வாங்க சகலை, வழி கண்டுபிடிச்சிட்டீங்களே," என்றார். அக்கா தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். கேரியரை வாங்கிக்கொண்டார்.

"அக்கா, நான்தான் தப்பு. ஞாயிறுதான் சரி. நீங்க ரெண்டாவது லிங்க்ல பாத்தீங்களா?"

பாருங்கள், அப்போதும் என் வாயில் அதுதான் வருகிறது.

"நான் எதுலயும் பாக்கல தம்பி. பதினாறாம் நாளே ஐயர்கிட்ட திதியை எழுதி வாங்கி சாமி மேடையில வச்சிருக்கேன்."

"அப்ப தெரிஞ்சுகிட்டே ஏன் கேட்டீங்க?"

அக்கா என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். தமிழ் தெரியாத ஒருவரைப் பார்ப்பது போல.

"வீட்டு ஆம்பளை நாளைச் சொல்லாம திதிக்கு எப்படி வரது?"

நான் எத்தனை திதிக்குப் போயிருக்கிறேன். திதிக்கு யாரும் வாருங்கள் என்று அழைப்பதில்லை. இன்ன கிழமை என்று நாளைச் சொல்வார்கள், நாம் போவோம். நாளைச் சொல்வதுதான் அழைப்பு. அறுபத்திரண்டு வயதில் இது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அக்கா கேட்டது எனக்குத் தகவலாகத்தான் கேட்டது. அழைப்புக்காக நின்றவரிடம் விலாசப் பட்டியலைக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். அழைக்காமலே அவர் வந்தார், கத்திரிக்காய்க் குழம்போடு. அப்போதும் நான் வீட்டில் இல்லை.

வெந்தயம் ஊற வைப்பதா வறுப்பதா என்று முப்பத்தொரு வருடம் சமைத்த தாமரைக்குத் தெரிந்திருக்காதா? இதை அங்கே உட்கார்ந்து தேத்தண்ணீர் குடிக்கும்போது நினைத்தேன். குவளையைக் கீழே வைத்துவிட்டேன்.

கிளம்பும்போது கேட் அருகே நின்று சொன்னேன். "அக்கா, அடுத்த வருஷம் ஆனி மாசம் தேய்பிறைச் சதுர்த்தி. ஐயர்கிட்ட கேட்டு நாள் தெரிஞ்சதும் நானே வந்து சொல்றேன்."

"வந்து சொல்லுங்க," என்றார் அக்கா. "கத்திரிக்கா நான் கொண்டு வரேன்."

இப்போதெல்லாம் யாராவது கேட்டால் வாயாலேயே பதில் சொல்கிறேன். பாதி தப்பாக இருக்கிறது. போன வாரம் பங்சாருக்கு வழி கேட்ட ஒரு பெண்மணியை எங்கேயோ அனுப்பிவிட்டேன். அவர் திரும்பி வந்து என்னைத் திட்டிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து அரை மணி நேரம் தன் மருமகளைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார். இருபத்தெட்டு ஆண்டுகளில் எந்த வாசகரும் என் மேசையில் அவ்வளவு நேரம் உட்கார்ந்ததில்லை.

நீங்கள் சிரித்துக்கொண்டு படிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நல்லது. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இன்றைக்குக் காலையில் உங்கள் வீட்டில் யாரோ உங்களிடம் ஏதோ கேட்டார்கள். அவர்களுக்கு என்ன அனுப்பினீர்கள் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். என்ன கேட்டார்கள் என்பது நினைவிருக்கிறதா?