உயிர்முத்துக்கு ஒரு தூக்குப் பால்

தாயில்பட்டி கல்யாண மண்டபத்தில் அன்று கல்யாணம் இல்லை. ஆனாலும் கூட்டம் பந்தலைத் தாண்டி ரோட்டில் நின்றது. உள்ளே உயிர்முத்துச் சாமி முத்து பிறப்பித்துக்கொண்டிருந்தார்.

வெள்ளைப் பாகைத் தீர்த்தத்தில் சொட்டுச் சொட்டாக விடுவார். ஒவ்வொரு சொட்டும் மணியாகத் திரளும். அதற்குள் உயிர் இருக்கிறதாம். வயிற்றுத் தீயைத் தாண்டிக் குடலில் போய்க் கண் திறக்குமாம். நம்பாதவர்களுக்காக முத்துகளை உலையில் கொதிக்கவிட்டு எடுப்பார். மணி குலையாது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

கடற்பாசிப் பசையைக் கால்சியம் கரைத்த நீரில் சொட்டினால் யார் கைக்கும் மணி திரளும். நல்ல பாக்டீரியாக்கள் வயிற்று அமிலத்தில் சாகாதிருக்க, இப்படி நுண்ணிய உறைக்குள் வைத்து உணவில் சேர்ப்பது ஆய்வுக்கூடங்களில் நடக்கிற நல்ல வேலை. சாமி அதில் பாதியைக் கற்றிருந்தார். உறை போட வந்தது. உள்ளே எதையாவது வைக்க வேண்டும் என்பதுதான் மறந்துவிட்டது.

முன்வரிசையில் செல்லக்கனி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் கணவர் கனகசபாபதி, பட்டாசுக் கம்பெனி முதலாளி. போன மாதம் வயிற்றுப்புண்ணால் ரத்தம் கக்கி ஆஸ்பத்திரியில் கிடந்தவர். இப்போது முத்தை நம்பி மாத்திரையை நிறுத்திவிட்டார். மாத்திரை உள்ளே போனால் முத்திலிருக்கும் உயிருக்குக் கோபம் வருமாம். சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோன செல்லக்கனி, காய்ச்சி ஆறவைத்த பாலை மூன்று தூக்குவாளிகளில் கொண்டுவந்திருந்தாள்.

"என்னங்க, லோடு ஏத்துமுன்னே நம்ம கம்பெனியில என்ன செய்வீக?"

"ஒரு சரத்தை எடுத்துக் கொளுத்திப் பாப்போம்."

"பெட்டியில ஒட்டுன படத்தைப் பாத்து அனுப்ப மாட்டீகள்ல?"

செல்லக்கனி எழுந்தாள்.

"சாமி, முத்துக்குள்ள இருக்கதும் தயிர்ல இருக்கதும் ஒரே உயிருதானா?"

"தயிரில் இருப்பது பேரன், தாயே. இது பாட்டன்."

"அப்போ பாட்டனைப் போட்டு ஒறை ஊத்துனா தயிரு கல்லு மாதிரி ஒறையும்லா?"

"ஒறையும், ஒறையும்" என்றது கூட்டம். சாமி வாயைத் திறப்பதற்குள் பக்தர்களே வாக்குக் கொடுத்துவிட்டார்கள்.

"மேலுறை குடலில்தான் திறக்கும்" என்றார் சாமி அவசரமாக.

"அதுக்கென்ன, நசுக்கியே போடுவோம்."

ஒரு தூக்கில் நசுக்கிய முத்து. ஒன்றில் ஒரு கரண்டி மோர். மற்றதில் வெறும் பால். மூடிகளைப் போட்டுக் கனகசபாபதியையே காவல் வைத்தாள். சித்திரை வெயில், காலையில் உறை ஊற்றினால் மத்தியானத்துக்குள் தெரிந்துவிடும்.

அதுவரை செல்லக்கனி ஒரு வார்த்தை பேசவில்லை. சாமியார்களுக்கு மௌனம் பெரிய பலம் என்பார்கள். இந்தச் சாமியால்தான் அதைத் தாங்க முடியவில்லை. கிரகம் சரியில்லை என்றார். பாலில் தோஷம் என்றார். மின்விசிறியின் திசைகூடக் குற்றமாயிற்று.

மத்தியானம் கனகசபாபதி தூக்குகளைச் சாய்த்தார். மோர் விட்டது அசையவில்லை. சும்மா இருந்தது பாலாகவே வழிந்தது. பாட்டன் இறங்கிய தூக்கும் பாலாகவே வழிந்தது.

"அம்மா மனதில் நம்பிக்கை இல்லை" என்றார் சாமி.

"தயிருக்கு நம்பிக்கை வேண்டாம் சாமி. மோரு போதும்."

பின்வரிசையில் முருகம்மாள் எழுந்தாள். தீப்பெட்டி ஆலையில் வேலை பார்ப்பவள். "சூட்டுப்பால்ல ஒறை ஊத்துனாலே தயிரு ஆகாது. நீங்க ஒலையிலல்லா கொதிக்க விட்டீக? அதுல எந்த உயிரு சாமி பொழைக்கும்?"

மண்டபத்திலிருந்த அத்தனை பேர் வீட்டு அடுப்படிக்கும் தெரிந்த சங்கதி. இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

கைகழுவிவிட்டு வருவதாகப் பின்பக்கம் போன சாமி, கார் கிளம்பும் சத்தமாக மட்டுமே திரும்பி வந்தார்.

கனகசபாபதி தூக்கைக் கீழே வைத்தார். பிறகு மெல்ல, "மாத்திரை எங்கன இருக்கு?" என்றார். செல்லக்கனி பையிலிருந்து எடுத்து நீட்டினாள்.

அதற்குள் தயிர்த் தூக்கைச் சுற்றி வரிசை கட்டியாயிற்று. முதலாவதாக நின்றவர் கையேந்தினார்.

"தாயி, சக்தியுள்ள தயிரு. ஒரு சொட்டுக் குடுங்க."

செல்லக்கனி தூக்கை மூடினாள்.

"ஒங்க வீட்லயும் பாலு இருக்கு, மோரு இருக்கு. எவன் என்ன சொன்னாலும் மொதல்ல அங்கன போட்டுப் பாத்துட்டு, பெறகு கையேந்துங்க."