மூக்கடைப்பும் ஒரு வாளி பியரும்

“வாசமே இல்ல லா,” என்றார் தினேஸ்வரன், கிளாஸை மூக்கிலிருந்து எடுக்காமலே.

கதிர்காமநாதனுக்குச் சுருக்கென்றது. தென்னரைக்கோளத்து ஜூலைக் குளிரில் பிடித்த தடிமனால் அவருடைய மூக்கு ஒரு வாரமாக அடைத்துக் கிடந்தது. தான் காய்ச்சிய பியர் மணக்கிறதா என்று அறிய, அடுத்த வீட்டு மலேசியக்காரரின் மூக்கை நம்பவேண்டிய நிலை. அந்த மூக்குக்காரரோ, வருகிற சனிக்கிழமை நடக்கும் வீட்டுப் பியர் போட்டியில் தானும் கலந்துகொள்பவர். திருடன் கையில் சாவியைக் கொடுத்த மாதிரிதான்.

“உண்மையாவே மணக்கேல்லையோ?”

“கசப்பு இருக்கு. வாசம் இல்ல. ஹாப்ஸ எப்போ போட்டீங்க?”

“கொதிக்கத் தொடங்கேக்கையே. ஒரு மணித்தியாலம் நல்லா அவிச்சனான்.”

“அதான் வாசம் பூரா ஆவியா போச்சு. மிச்சம் இருக்கிறத இப்போ வாளியில போட்டு ஊற வைங்க. வந்துடும்.”

“ரசத்துக்கு மல்லியிலையை எப்ப போடுறதெண்டு தெரியாத மனுசன், பியர் காய்ச்ச வெளிக்கிட்டுட்டார்,” என்று குசினியிலிருந்து சுகந்தினியின் குரல் வந்தது. “இந்த முறையும் பரிசு இல்லையெண்டா, ஞாயிற்றுக்கிழமை ஏவன்டேல் சந்தையிலை உந்த வாளி, குழாய், போத்தில் எல்லாத்தையும் வித்துப்போடுவன். கராஜுக்குள்ள கார் நிக்கட்டும்.”

சொன்னால் செய்கிற மனுசி. அந்த வீட்டில் கதிர்காமநாதனின் சொல் எடுபடும் ஒரே இடம் கராஜ்தான். அதுவும் போய்விட்டால் அவர் எங்கே போவார்?

தினேஸ்வரன் போனதும் ஃப்ரீசரைத் திறந்தார். ஹாப்ஸ் என்பது பியருக்கு வாசமும், தின்றால் தூக்கமும் தரும் பூ. காயவைத்து இடித்து, சின்னச் சின்னப் பச்சைக் குச்சிகளாக விற்பார்கள். மாம்பழமும் பாஷன் ஃப்ரூட்டும் போல மணக்கும் என்று பாக்கெட்டில் எழுதியிருந்தது. அந்தப் பாக்கெட் இளைத்திருப்பதுபோல் அவருக்குத் தோன்றியது. போன வாரம் ஐஸ்கட்டி எடுக்கவென்று இதே ஃப்ரீசரைத் திறந்தவர் யார்? தினேஸ்வரன்!

“ஓகோ,” என்றார் கதிர்காமநாதன்.

உடனே ஹாப்ஸை ஓர் ஐஸ்கிரீம் டப்பாவுக்கு மாற்றினார். அந்த வீட்டு ஐஸ்கிரீம் டப்பாக்களில் ஐஸ்கிரீம் தவிர மற்ற எல்லாம் இருக்கும்; யாருக்கும் சந்தேகம் வராது. டப்பாவைத் துணி துவைக்கும் அறையின் தட்டில் ஒளித்தார். அவர்கள் குடியிருக்கும் மவுண்ட் ஆல்பர்ட் பகுதி மரவீடுகளில் ஜூலை மாதம் அந்த அறைக்கும் ஃப்ரீசருக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. மகள் ஆரணி விடுமுறைக்காகப் பள்ளியிலிருந்து கொண்டுவந்த வகுப்பு முயல் பட்டனின் கூடும் தீனி டப்பாவும் அங்கேதான் இருந்தன. அங்கே வந்து எவன் தேடப்போகிறான்?

திங்களன்று, யார் கண்ணிலும் படக்கூடாதென்று விளக்கைப் போடாமலே போய், டப்பாவைத் தடவி எடுத்து, இரண்டு கைப்பிடி அள்ளி வாளியில் போட்டார்.

புதனன்று தினேஸ்வரன் மோந்து பார்த்தார். “இப்போ வாசம் வருது. ஆனா... புல்லு வெட்டுன வாசம்.”

பொறாமை! கதிர்காமநாதன் மனைவியை அழைத்து மணக்கச் சொன்னார்.

“வைக்கோல் மணக்குது,” என்றாள் சுகந்தினி.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதை அவர் கவனிக்காமல் இல்லை. அவருக்குப் பரிசு வேண்டும், இவளுக்குக் கராஜ் வேண்டும். கூட்டுச் சதி! அன்று மாலையே, மறுபடியும் இருட்டில், நான்கு கைப்பிடி போட்டார்.

சனிக்கிழமை காலை வாளியைத் திறந்தால் பியர் இலைக்கஞ்சி மாதிரி பச்சையாகத் தடித்திருந்தது. போட்டிக்குக் காரில் கூட்டிப்போக வந்த தினேஸ்வரன் ஓரடி பின்வாங்கினார்.

“அண்ணே, இத குடிக்க முடியாது. மேயத்தான் முடியும்.”

ஒரு வாரமாக அடக்கி வைத்தது பொத்துக்கொண்டு வந்தது. “என்ர ஹொப்ஸை எடுத்துப்போட்டு வேறை எதையோ வைச்சது நீர்தானே? உண்மையைச் சொல்லும்!”

தினேஸ்வரனின் முகம் செத்துப்போனது. பையிலிருந்து பிரிக்காத பாக்கெட் ஒன்றை எடுத்து நீட்டினார். “என்கிட்ட இருந்த கடைசி பாக்கெட். அடுத்த தடவைக்கு ஆகும்னு உங்களுக்குத்தான் எடுத்துட்டு வந்தேன்.”

கதிர்காமநாதன் அதை விரல் நுனியால் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதுக்குள்ள என்னத்தைக் கலந்து வைச்சிருக்கிறீர்?”

அப்போது ஆரணி முயலை இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு கராஜுக்குள் வந்தாள். அது துவாய்த் துண்டு மாதிரித் தொங்கியது.

“அப்பா, லுக் அட் பட்டன். ஹோல் வீக்கும் ஸ்லீப்பிங். சாப்பிட மட்டும் எழும்புது, தென் பேக் டு ஸ்லீப்.”

பேச்சை மாற்றினால் போதும் என்று தினேஸ்வரன் முயலைத் தடவக் குனிந்தார். குனிந்தவர் அப்படியே நின்றார். அதன் வாயருகே மூக்கைக் கொண்டுபோனார். ஒரு தரம் மோந்தார். கண்ணை மூடி இன்னொரு தரம் மோந்தார்.

“மாம்பழம்... பாஷன் ஃப்ரூட்... அண்ணே, முதல் பரிசு இந்த முயலுக்குத்தான் லா!”