வாலிபால் கோர்ட்டில் முளைத்த கட்டம்

தரையைப் பார்த்துக் குப்புறப் படுத்தே டிகிரி வாங்கிய ஆள் இந்த உலகத்தில் ஒருத்தன்தான். அவன் எங்கள் ஹாஸ்டலில் இருந்தான். வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். எங்களுக்கு அவன் ‘கட்டம்’.

எண்பதுகளின் தொடக்கம். உத்திரமேரூருக்கு வெளியே, ஏரிக்கரையை ஒட்டி எங்கள் உறைவிடக் கல்லூரி. மெயின் பாடம் பொருளாதாரம். துணைப்பாடமாகச் சுற்றுச்சூழல் அறிவியல் எடுத்தால் மரத்தடியில் உட்கார்ந்தே பாஸாகிவிடலாம் என்று சீனியர்கள் சொன்னதை நம்பி, எங்கள் வாலிபால் டீம் மொத்தமும் அதில் போய் விழுந்தது. கட்டம் ஏற்கெனவே ஒருமுறை அதில் கோட்டை விட்டவன். இந்தத் தடவையும் போனால் டிகிரி கிடையாது, ஊரோடு வந்து மாடு ஓட்ட வேண்டியதுதான் என்று அவன் நைனா தாமல் கிராமத்திலிருந்து நேரில் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

செய்முறை இதுதான். மூங்கிலில் கட்டிய சதுரக் கட்டம் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு வீச வேண்டும். அது விழுந்த இடத்தில், சதுரத்துக்குள் முளைப்பதையும் ஊர்வதையும் பரீட்சைவரை கவனித்து எழுத வேண்டும். நாங்கள் அரைக்கண்ணைத் திறந்துகொண்டு, எழுத அதிகம் வேலை வைக்காத அருகம்புல் பக்கமாக வீசினோம். கட்டம் மட்டும் நிஜமாகவே கண்ணை மூடினான். சதுரம் காற்றில் மிதந்துபோய் வாலிபால் கோர்ட்டுக்குள் விழுந்தது.

“இன்னாடா இது, மொட்டத் தரை! இன்னொரு வாட்டி வீசுடா!” என்று கத்தினேன்.

“வுளுந்தது வுளுந்ததுதான்பா” என்றான்.

நாலு குச்சி நட்டுச் சணல் கட்டிப் படுத்துவிட்டான். அன்றைக்கு ஒட்டிக்கொண்டதுதான் ‘கட்டம்’ என்ற பெயர். பந்து கிட்டே போனால் போதும், “யப்பா, மெதுவா! எறும்பு போய்க்கினு கீது!” என்பான். பொறுக்க முடியாமல் வார்டனைக் கூட்டிவந்தோம். “அப்படி என்னய்யா தெரியுது?” என்று அதட்டியபடி குனிந்தவர், சாப்பாட்டு மணி அடித்த பிறகுதான் நிமிர்ந்தார். “நெட்டைத் தள்ளிக் கட்டுங்கப்பா” என்று எங்களுக்கே உத்தரவு போட்டுவிட்டுப் போனார்.

ஐப்பசி மழை இறங்கியது. நாங்கள் குதித்து மிதித்த இடமெல்லாம் சேறாகக் கிடக்க, அந்தச் சதுரம் மட்டும் பச்சைப்பசேலென்று எழுந்தது. பந்து பொறுக்கப் போனவன் எவனும் உடனே திரும்பி வரவில்லை. ஒரு சாயங்காலம் நானும் போய்ப் படுத்தேன். கன்னத்தை மண்ணில் வைத்துப் பார்த்தால் கீழாநெல்லி பெரிய தோப்பாக நின்றது. இலை நுனியில் மழைத்துளி, அதற்குள் ஒரு குட்டி வானம். சிவப்பு வெல்வெட் பூச்சி ஒன்று யாரையோ தேடுவதுபோல் தோப்புக்குள் போயிற்று.

“இங்க ஒரு ஊரே கீதுபா” என்றான் கட்டம், தூக்கத்தில் பேசுகிறவன் குரலில். எனக்கு மேட்ச் மறந்தே போயிற்று.

பரீட்சைக்கு முந்தின மத்தியானம் நாங்கள் சாப்பிடப் போன நேரத்தில், ஏரிக்கரை ஆடு ஒன்று சணலைத் தாண்டி அந்த ஊரை மொத்தமாக மேய்ந்துவிட்டது. கட்டம் மேலே கல்லை வைத்துவிட்டுப் போன ரெக்கார்டு தாள்களையும் விடவில்லை. திரும்பி வந்து பார்த்த கட்டம் அதை விரட்டக்கூட இல்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டான். இத்தனை நாளும் ‘பேஜார் புடிச்சவன்’ என்று திட்டிய நான்தான் ஓடிப்போய் ஆட்டை விரட்டினேன்.

மறுநாள் வந்த எக்ஸாமினர் வெறும் தரையைப் பார்த்தார்.

“செடியும் இல்ல, ரெக்கார்டும் இல்ல. எதுக்குய்யா மார்க் போடறது?”

“ஆடு மேஞ்சிடுச்சி சார்” என்றான் கட்டம்.

“நல்ல கதையா இருக்கே! இங்க செடி இருந்ததை எவனாவது பாத்தானா?”

எனக்கு என்ன வந்ததோ, மண்டியிட்டு ஒரு மூலையில் விரலை வைத்தேன். “இங்க கீழாநெல்லி சார். எலைக்கு அடியிலயே காய் இருக்கும்.”

எங்கள் கேப்டன் என்னைத் தள்ளிக்கொண்டு வந்தான். “இந்தாண்ட குப்பைமேனி சார். அத்த மொதல்ல பாத்தது நானு!”

“இங்க நெருஞ்சி சார், கால்லயே குத்திச்சி!” என்றான் இன்னொருவன்.

அடுத்த நிமிஷம் டீமே தரையில் கிடந்தது. எறும்பு எந்தப் பக்கம் வளைந்து போனது என்பதில் இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். பாடப்புத்தகத்தில் அட்டையைத் தாண்டாத கழுதைகள் நாங்கள்!

எக்ஸாமினர் பேண்டைத் தூக்கிவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கடித்துப்போட்ட தண்டு ஒன்றைத் தொட்டுப் பார்த்தார். “சரி, இனிமே இங்க என்னய்யா ஆகும்?” என்று கட்டத்தைக் கேட்டார்.

“வேரு கீது சார். ஒரு மழ பேஞ்சா எல்லாம் வூடு திரும்பிடும்.”

அவர் பேனாவைத் திறந்தார்.

ரிசல்ட் ஒட்டிய அன்று கூட்டத்தில் முண்டியடித்துப் போய் அவன் நம்பரைத் தேடினேன். இருந்தது! தொண்டை கட்டும்வரை கத்தினேன். என் நம்பரைப் பார்க்கவில்லை என்பது மறுநாள் காலையில்தான் ஞாபகம் வந்தது.