பேராசிரியர் வந்தால் எகிறும் கோடு

மதிப்பிற்குரிய சித்தப்பாவுக்கு, அண்ணன் மகள் பணிவுடன் எழுதுவது. நான் நலம். உங்கள் ரத்த அழுத்தமும் சித்தியின் கோபமும் இறங்கியிருக்கும் என்று நம்புகிறேன்.

மூன்று வருஷமாக அந்த லேபில் என்னதான் கிழிக்கிறாய் என்று போன தடவை கேட்டீர்கள். நிஜமாகவே கிழிக்கத்தான் செய்கிறேன். கறுப்புப் படிகம் ஒன்றில் டேப்பை ஒட்டி ஒட்டி உரித்தால், மூன்றே அணு கனத்தில் ஒரு ஏடு வரும். அதில் மின்சாரம் ஓட்டினால், நச்சு வாயு பட்டவுடன் திரையில் கோடு எகிற வேண்டும், அதாவது அது ஒரு மூக்கு. எந்த வாயுவை விட்டாலும் என் மூக்கு அசையவில்லை, ஒரு ஏடு என் தும்மலில் பறந்தது, இன்னொன்றைத் தூசி என்று துடைத்துவிட்டார்கள், வெள்ளிக்கிழமை ஆய்வை மதிப்பிடும் குழு வேறு வருகிறது என்று நான் சோறு தண்ணி இறங்காமல் கிடந்தபோது, திங்களன்று கோடு திடீரென்று எகிறியது, நிமிர்ந்தால் பேராசிரியர் உள்ளே வருகிறார். செவ்வாயும் அப்படியே. வேறு யார் வந்தாலும் ஒன்றுமில்லை. அவருடைய முட்டிவலித் தைலம் மாடிப்படியிலேயே மணக்கும், அதைத்தான் கருவி மோந்துவிட்டது என்று முடிவுகட்டினோம். ஆனால், "ஐயா, உங்களை எங்கள் கருவி நச்சு வாயு என்று நினைக்கிறது" என்று யார் போய்ச் சொல்வது? கூட வேலை செய்கிறவள் நைசாக நழுவிவிட்டாள். கடைசியில் நானே சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி என்னையே பார்த்தார்.

"அப்ப நான் வெளிய போய்ட்டு வரட்டுமா?" என்றார்.

போனார், வந்தார், கோடு எகிறியது. அந்த முட்டியோடு நாற்பது தடவை நடந்தார் சித்தப்பா, முகமெல்லாம் பல். வெள்ளியன்று குழுவும் பார்த்துக் கைதட்டியது. உலகத்திலேயே மெல்லிசான மூக்கை நம்ம வீட்டுப் பொண்ணு செஞ்சிருக்கான்னு சொந்தத்துல தாராளமாச் சொல்லுங்க.

சித்திக்கு என் வணக்கம். வாண்டுகளை அதட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்பு மகள்

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது பேராசிரியர் வந்தார். "தைலம் தீர்ந்து பத்து நாளாச்சும்மா, சட்டையிலதான் வாசனை. இன்னிக்குத்தான் ஞாபகம் வந்துச்சு" என்றார். எல்லோரும் பக்கக் கதவில் நுழைய, அவர் மட்டும் முன்கதவை அகலத் திறக்கிறார். தாழ்வாரத்து வெயில் நேராக ஏட்டில் விழுகிறது. அவரைப் பக்கக் கதவால் வரச் சொன்னோம், கோடு அசையவில்லை. அது வெளிச்சத்துக்குத்தான் எகிறியிருக்கிறது. குழுவுக்கு உடனே மின்னஞ்சலில் உண்மையை எழுதிவிட்டோம். மூன்றே அணு கனத்தில் வெளிச்சத்தை உணர்வது இன்னும் பெரிய விஷயமாம், அவர்களுக்கு முன்னைவிடச் சந்தோஷம். ஆகவே மேலே மூக்கு என்று வரும் இடத்திலெல்லாம் தயவுசெய்து கண் என்று படித்துக்கொள்ளவும்.