ஒரு பார்டர் கலருக்கு ஒரு ஃப்ரேம்வொர்க்

வேலை ரொம்பச் சின்னது. சாந்தி அக்காவோட பட்டுக்கடை வெப்சைட்ல பொடவை பார்டர் கலர மாத்தினா, படத்துலயும் கலர் மாறணும்.

காஞ்சிபுரத்துல கடைகளுக்கு வெப்சைட் செஞ்சு தர்றவன் நான். அக்கா சைட்டும் நான் எழுதினதுதான். கலரத் தொட்டா சர்வருக்குப் போகும், பக்கம் மொத்தமா ஒருவாட்டி வெள்ளையாகும், அப்புறம் திரும்பி வரும். ஆனா வரும்.

"ஒவ்வொரு கலருக்கும் கண்ண மூடித் தொறக்குதுபா. அத மட்டும் சரி பண்ணு தம்பி"ன்னாங்க அக்கா.

பத்து வரி ஜாவாஸ்கிரிப்ட். டீ ஆறறதுக்குள்ள முடிச்சிருக்கலாம். நான்தான் இன்ஜினியராச்சே! யாரோ எழுதி வெச்ச ரெடிமேட் கோடு மூட்டைக்குப் பேரு ஃப்ரேம்வொர்க்; எந்த ஃப்ரேம்வொர்க் போடலாம்னு வாட்ஸப் குரூப்ல கேட்டேன்.

ஒருத்தன் ரியாக்ட்னான். இன்னொருத்தன் வ்யூன்னான். ரெண்டு பேரும் சாயங்காலம் வரைக்கும் சண்டை. மூணாவது ஆளு, "முழுப் பக்கத்தையும் அனுப்பாம, சர்வர்லேர்ந்து அந்தப் படத்த மட்டும் துண்டா அனுப்பி மாத்துடா, உனக்கு எதுக்கு இதெல்லாம்?"னான். அவன் சொன்னதுதான் சரி. அதனாலயே அவன யாரும் மதிக்கல. நானும்தான்.

ரெண்டு வாரம் வீடியோ பாத்தேன். எது வேகம், எது லேசு, எதுக்கு எதிர்காலம் இருக்குதுன்னு அட்டவணையே போட்டேன். கடைசில எத எடுத்தேன் தெரியுமா? பயோடேட்டால போட்டா எது நல்லா இருக்குமோ, அத!

போட்டேன். அடடா! தொட்டா கலர் மாறுது, பக்கம் அசையல. அக்கா, "சினிமா மாதிரி கீதுபா"ன்னாங்க. எனக்குத் தலைகால் புரியல.

அப்பதான் எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்துச்சு. பொண்ணு கவிதா, பக்கத்துல இருக்கற தாமல் ஊர்க்காரி. முகூர்த்தப் பொடவைன்னா ரெண்டு வீடும் பத்துப் பேரா கடைக்குப் போய் உக்காந்து எடுக்கறதுதான் வழக்கம். நான் விடுவேனா? "அலையவே வாணாம், என் சைட்லயே ஆர்டர் போடு"ன்னு லிங்க் அனுப்பினேன்.

கவிதா மஞ்சள் உடல், அரக்கு பார்டர் எடுத்தா. அவங்க அம்மாவும் ஸ்கிரீன்ல பாத்துட்டு, "லட்சணமா இருக்குது மாப்ள"ன்னாங்க.

ஒரு மாசம் கழிச்சு அக்கா போன். "பொடவை தறிய விட்டு எறங்கிடுச்சிபா, வந்து பாரு."

கவிதாவையும் அவ அம்மாவையும், அதான் என் அத்தையையும், கூட்டிக்கினு போனேன். அக்கா மடிப்பப் பிரிச்சாங்க.

மஞ்சள் உடல். கறுப்பு பார்டர்!

கல்யாணத்துக்குப் பன்னெண்டு நாள்தான் இருக்குது.

"இன்னாக்கா இது!"

"ஆர்டர்ல வந்ததுதான்பா. நெய்யற ஏழுமலை அண்ணன் அப்பவே கேட்டாரு, 'முகூர்த்தப் பொடவைக்கு யாருமா கறுப்பு போடுவாங்க?'ன்னு. நான்தான், 'மாப்ளயே செஞ்ச சைட்டுண்ணா, தப்பா வருமா?'ன்னு சொல்லிட்டேன்."

லேப்டாப்ப அங்கயே தொறந்தேன். கலர் மாறினது என் ஃப்ரேம்வொர்க்குக்கு மட்டும்தான் தெரிஞ்சிருக்குது. ஆர்டர் போனது பழைய ஃபாரத்துலேர்ந்து. அதுல, சோதனைக்காக நான் போட்டு எடுக்க மறந்த கறுப்பு, அப்படியே குந்திக்கினு இருக்குது. நல்லவேளை, அந்த மாசம் சைட்ல வந்த ஆர்டர் இது ஒண்ணுதான்.

"அதாவது அத்தை, பிரவுசர்ல ஒரு கலர், சர்வர்ல ஒரு கலர்..."

அத்தை பொடவைய என் பக்கம் தள்ளினாங்க. "பொண்ணப் புடிக்கலன்னா நேரா சொல்லியிருக்கலாமே மாப்ள. கறுப்பப் போட்டா சொல்லணும்?"

அய்யோ! கல்யாணமே நின்னுடுமோன்னு நெஜமாவே பயந்துட்டேன் மக்களே. கடை நடுவுல நின்னு, "எனக்கு கவிதாவ ரொம்பப் புடிக்கும் அத்தை!"ன்னு கத்திட்டேன். பக்கத்துல பொடவை பாத்துக்கினு இருந்த வேற ஒரு கல்யாண வீடே திரும்பிப் பாத்துச்சு.

கவிதாவுக்குச் சிரிப்பு வந்துடுச்சு. "விடும்மா. ஒரு கலரயே ஒழுங்கா அனுப்பத் தெரியாதவரு. சாடையா சேதி எங்க அனுப்பப் போறாரு?"

அத்தையும் சிரிச்சாங்க. எனக்கு உயிர் வந்துச்சு. கடையில இருந்த பொடவைங்கள்ல ஒண்ண, கையால தொட்டுப் பாத்து, அன்னிக்கே எடுத்துட்டோம். மறுநாள் ஃப்ரேம்வொர்க்கக் கழட்டிட்டு, சர்வர் சொல்றதையே படத்துல காட்டற மாதிரி மாத்திட்டேன்.

கல்யாணம் நல்லபடியா முடிஞ்சிது. இப்பல்லாம் நான் எதுக்காவது "சரிமா"ன்னு தலையாட்டினா போதும், கவிதா கேக்கறா: "ஸ்கிரீன்ல மட்டும் சரியா, இல்ல சர்வர் வரைக்கும் போச்சா?"