நைட்டித் தடைச் சட்டம்

எதிர் ஃப்ளாட்டுக்கு ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் குடிவந்த அன்று, நான் வீட்டில் ஒரு சட்டம் போட்டேன். இனி என் மனைவி நைட்டியோடு வாசலைத் தாண்டக் கூடாது.

மங்கைக்கு ஒரு பூப்போட்ட நைட்டி உண்டு. தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டால் போதும், அந்தக் கோலத்திலேயே குப்பை கொடுப்பாள், பால் வாங்குவாள், கறிவேப்பிலைக்காக மல்லேஸ்வரம் எட்டாவது கிராஸ் வரை போய் வருவாள். இத்தனை வருஷம் நானும் கண்டுகொள்ளவில்லை. இப்போது பார்த்ததும் தீர்ப்புச் சொல்கிற மனிதர் எதிரிலேயே வந்துவிட்டாரே!

“ஜட்ஜ் நம்மளப் பத்தி என்ன நெனைப்பார்?”

“நம்மாத்து கேஸ் ஏதாவது அவர்ட்ட நடக்கறதா என்ன?”

“கௌரவம்னு ஒண்ணு இருக்கு மங்கை.”

“சரின்னா. நாளைலேருந்து புடவை.”

இருபத்தாறு வருஷத்தில் அவள் எதற்கும் இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டதில்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

மறுநாள் ஆறரைக்குக் கீழே குப்பை வண்டி பாட்டுப் போட்டது.

“மங்கை, வண்டி வந்துடுத்து!”

“கொசுவம் வெச்சிண்டிருக்கேன். இருபது நிமிஷமாகும். நீங்களே ஒரு எட்டு போய்ட்டு வந்துடுங்கோ.”

கௌரவம் பேசியவன் லுங்கியோடு போகலாமா? பேண்ட் மாட்டி, சட்டையை இன் பண்ணி, ஈரக் குப்பை ஒரு கையிலும் உலர்ந்த குப்பை ஒரு கையிலுமாக இறங்கினேன். ஏறி வந்தால் பால். அப்புறம் கொத்தமல்லி. நாலே நாளில் என்னைக் கண்டாலே லிஃப்ட் பெருமூச்சு விட்டது.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வாளியை வைத்துவிட்டு நிமிர்ந்தால், அரக்குப் புடவையில் காபியோடு மங்கை நிற்பாள். பேப்பரை எடுக்கவே மறந்துபோவேன். இவளையா இத்தனை வருஷம் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் ‘வெச்சுட்டுப் போ’ என்றேன்? வெட்கமாக இருந்தது. ரொம்பப் பிடித்தும் இருந்தது.

ஐந்தாம் நாள், குப்பை வண்டியருகே நீதிபதியின் மனைவி ஷோபா நின்றிருந்தார். பூப்போட்ட நைட்டி. தோளில் துண்டு!

“உங்க மிஸஸ் ஏன் கீழ வர்றதேயில்ல? உடம்பு ஹுஷாரில்லையா? நாங்க வந்த அன்னைக்கு அவங்களை நைட்டியில பாத்து, அப்பாடா, நம்ம மாதிரி ஆளுங்கதான்னு நிம்மதியாச்சு. உங்களைப் பாத்தாதான் சார் பயம். காலங்காத்தால இன் பண்ணின சட்டை! இன்கம் டாக்ஸ் ஆளான்னு எங்க வீட்டுக்காரரே கேக்கறார்.”

ஒரே ஓட்டமாக மேலே வந்தேன்.

“மங்கை! சட்டம் வாபஸ். நாளைலேருந்து நீ நைட்டியிலயே போ.”

அவள் முந்தானையைச் சரிசெய்தபடி சிரித்தாள்.

“வேண்டாம்னா. நைட்டில வந்தா காபியைப் பாக்கறேள். புடவைல வந்தாத்தான் என்னைப் பாக்கறேள். நான் இப்படியே இருந்துடறேன்.”

மனசு உருகிவிட்டது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் புத்தி வேலை செய்தது.

“அப்போ குப்பை?”

“அதுக்குத்தான் நீங்க விடிஞ்சதும் பேண்ட்டும் சட்டையுமா ரெடியா நிக்கறேளே!”