மதத்துக்கு ஒரு குழாய்

மரக்காணம் உப்பளத்துப் பக்கம் தண்ணிக்குப் பஞ்சமே கிடையாது. திரும்புன பக்கமெல்லாம் தண்ணிதான். குடிக்கத்தான் முடியாது. குப்பத்துல இருந்த ஒரே நல்ல கிணத்தையும் சுனாமி வந்து உப்பாக்கிட்டுப் போச்சு. அதுலருந்து ஆராயி குடத்தத் தூக்கிக்கினு ரோட்டுக்கு அந்தாண்ட பம்புசெட்டு வரைக்கும் நடக்கறா. வந்து எறக்கி வச்சிட்டு உப்பு வார ஓடுனா, மேஸ்திரி பச்சமுத்து, "வாங்க மகாராணி! இன்னொரு நாள் லேட்டா வந்தீங்க, அப்படியே அரண்மனைக்குத் திரும்பிடுங்க"ன்னுட்டான்.

அப்பதான் மரியதாஸுன்னு ஒரு புள்ள, சர்ச்சுக்காரங்க உதவிச் சங்கத்துலருந்து, கறுப்பு பிளாஸ்டிக் டேங்கு ஒண்ணு கொண்டாந்து தெருமுனையில மேடை கட்டி வச்சான். தினம் லாரித் தண்ணி. ஒத்தக் குழாய். டேங்கு மேல கைக்குட்டை அகலத்துக்கு ஒரு சிலுவை.

ஆராயிக்கு சந்தேகம். "ஏந்தம்பி, தண்ணி புடிச்சா உங்க சாமியக் கும்புடணுமா?"

"வாணாங்க்கா."

"பின்ன எதுக்குய்யா இந்த வெயில்ல கெடந்து காயற?"

"நீங்களா கேட்டா சொல்றேங்க்கா. மொதல்ல குடம் ரொம்பட்டும்."

குடம் ரொம்பிச்சு. பின்னாடி நின்ன பக்கத்து வீட்டு லூர்துமேரி ஒரு கை குடுத்துத் தலையில ஏத்திவுட்டா. வேலைக்கு நேரமாயிடுச்சு, ஆராயி அப்புறம் கேக்கவேயில்ல.

ஒரு வாரம் நல்லாப் போச்சு. அது சர்க்கார் ஆபீசுக்குத் தெரிஞ்சுடுச்சு.

சமய நடுநிலைக் கண்காணிப்புத் தனி அலுவலர் திருவாளர் ராஜாங்கம் அவர்கள் ஜீப்பில் எழுந்தருளினார்கள். சிலுவையப் பாத்தார்கள். குழாயைப் பாத்தார்கள். கையில இருந்த பாட்டில் தண்ணிய ஒரு மொடக்கு குடிச்சார்கள்.

"ஏம்மா, இந்தத் தண்ணியக் குடிக்கச் சொல்லி யாராச்சும் கட்டாயப்படுத்தினாங்களா?"

"தாகம் எடுத்துதுங்க" ன்னா ஆராயி.

"ஆக, தாகத்தைக் கருவியாகப் பயன்படுத்தியிருக்காங்க!"

மரியதாஸ் பதறிட்டான். "சார், சிலுவைய அழிச்சுடறேன் சார்."

"அழிச்சா, இந்த லூர்துமேரி போன்றோர் மனம் புண்படும்."

"எனக்கு மனசெல்லாம் புண்படலீங்க. குடம் தூக்கித் தூக்கித் தலைதான் புண்ணாயிருக்குது" ன்னா லூர்துமேரி.

"எது புண்படணும்னு ஆபீஸ் முடிவு பண்ணும்மா."

மறுநாள் உத்தரவு வந்துது: எவரும் பிற மதக் குழாய்க்குக் கட்டாயப்படுத்தப்படாதிருக்கும் பொருட்டு, அனைவரும் தத்தம் மதக் குழாயில் மட்டுமே நீர் பிடிக்கக் கட்டாயப்படுத்தப்படுகிறார்கள்.

டேங்குல மூணு குழாய் மொளச்சுது.

"முஸ்லிம் வீடே இங்க இல்லியே சார்?" ன்னான் மரியதாஸ்.

"வந்தா? வர்ற வரைக்கும் குழாய் காத்திருக்கும்."

"உள்ள ஒரே தண்ணிதானேங்க?" ன்னா ஆராயி.

"உள்ள எப்படியாவது இருக்கட்டும். வெளிய வரும்போது ஒழுங்காப் பிரிஞ்சு வரணும்."

காலையில இந்துக் குழாய்க்கு க்யூ வாலு பனைமரம் வரைக்கும் போச்சு. கிறிஸ்தவக் குழாய்ல நாலு வீடு. லூர்துமேரி பாட்டுப் பாடிக்கினே புடிக்கறா. ஆராயி உப்பளத்துப் பக்கம் பாத்தா, மேஸ்திரி தலை தெரியுது. குடத்தோட இந்தாண்ட வந்துட்டா.

"பேரு?" ன்னார் குடை போட்டு ஒக்காந்திருந்த ராஜாங்கம்.

"ஆராயி."

"இது கிறிஸ்தவக் குழாய்மா!"

"குடம் ரொம்புற வரைக்கும் நான் கிறிஸ்டினுதாங்க."

அவ்ளோதான். க்யூவே ஒடைஞ்சு இந்தாண்ட வந்துடுச்சு. இங்கயும் வாலு நீண்டதும் பாதிப் பேரு முஸ்லிமாயிட்டாங்க. அங்க நின்ன விருத்தாம்பாள், "இந்துக் குழாய் இப்ப காலியா கெடக்குதுடி!"ன்னு கத்திக்கினே தாய்மதம் திரும்புனா.

ராஜாங்கத்துக்கு வேர்த்து ஊத்துது. "ஒரே காலையில மூணு முறை மதமாற்றம்! யோவ் மரியதாஸ், என்னய்யா பண்ண?"

"நான் டேங்கு வச்சதோட சரி சார். மதம் மாத்தறதெல்லாம் நீங்கதான்."

கோவத்துல அவர் ரெண்டு குழாயைப் புடுங்கி அடைக்கச் சொன்னார். மறுபடியும் ஒத்தக் குழாய். ஆராயி நிம்மதியாக் குடத்த வச்சா.

லூர்துமேரி குடத்தக் காலால தள்ளுனா. "எங்க குழாய எதுக்குடி புடுங்க வச்ச? நாங்க நாலு வீடு நிம்மதியாப் புடிச்சிக்கினு இருந்தோம்."

"உங்க குழாயா? ஒங்கப்பன் வீட்டு டேங்கா?"

"எங்க சாமி டேங்குடி!"

"அப்ப எங்களுக்குத் தனிக் குழாய் வேணும் சார்!" னு ஆராயியே கத்துனா. விருத்தாம்பாள் விடுவாளா? "ஆராயி தொட்டது எங்களுக்கு வாணாம், எங்க தெருவுக்குத் தனி!" ஆளுக்கு ஒரு பக்கம் புடிச்சு இழுத்ததுல குழாய் கழுத்தோட பேந்துக்கிச்சு. டேங்குத் தண்ணி மொத்தமும் மண்ணுல எறங்கி உப்பளத்தப் பாத்து ஓடிச்சு.

ராஜாங்கம் திருப்தியா எழுதிக்கிட்டார்: அனைத்து மதத்தினரும் சமமாக நடத்தப்பட்டனர். ஒருவருக்கும் ஒரு சொட்டும் கிடைக்கவில்லை.

ஜீப் போச்சு. உப்பளத்துலருந்து பச்சமுத்து, "மகாராணி, அரண்மனையிலயே இருங்க!"ன்னு கை ஆட்டுனான்.

ஆராயி காலிக் குடத்தோட மரியதாஸ் பக்கத்துல ஒக்காந்தா.

"இப்ப நேரம் கெடக்குது தம்பி. கேக்கறேன், சொல்லு. எங்களுக்கு எதுக்குய்யா நீ இதெல்லாம் செய்யற?"

அங்க ஒடைஞ்ச குழாய் யாருதுன்னு இன்னும் மயிரப் புடிச்சு இழுத்துக்கினு இருந்தாளுங்க. மரியதாஸ் அந்தப் பக்கம் கையக் காட்டுனான்.

"நானும் எங்க சாமியக் காலையிலருந்து அதைத்தாங்க்கா கேட்டுக்கினு இருக்கேன்."